விரல் நுனியில் ஆங்கிலம், நாவில்?

குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கிவிட்டால், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் தோழர்களைப் பாருங்கள். செங்கோட்டை வழியே மலை தாண்டி வரும் கேரளத்து மக்களிடம் தயக்கமின்றி மலையாளம் பேசுவார்கள். நேந்திரம் சிப்ஸ் விற்பவர் பேசுவார். ஆட்டோ ஓட்டும் தம்பி பேசுவார். எந்தப் பள்ளியில் படித்தார்கள்? எந்த ஆசிரியர் பிரம்பெடுத்துக் கற்பித்தார்? பிழைப்பு கற்பித்தது! பேச ஆள் இருந்தது. பேசினால் பயன் இருந்தது. நாவிலே சொல் தங்கிற்று.

அதே தோழரின் மகன் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படிக்கிறான். வேலைக்கான நேர்முகத் தேர்வில் நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் நா உலர்கிறது. அறிவுக் குறைவா? இல்லை, இல்லவே இல்லை! பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக் கைப்பேசிச் செயலிகள் வந்திருக்கின்றன. சரியான சொல்லைத் தொட்டால் புள்ளி. நாள்தோறும் தொட்டால் பாராட்டு. ஒருநாள் தவறினால் தொடர் அறுந்துவிடும் என்ற எச்சரிக்கை!

இவற்றை இகழ்வது நம் நோக்கமல்ல. ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதே நினைவில் நிற்கும் என்பதை, 1885-இல் ஜெர்மன் அறிஞர் எபிங்காஸ் தம் நூலில் எடுத்துக்காட்டினார். அந்தப் பணியைச் செயலி செவ்வனே செய்கிறது. வரவேற்போம்!

ஆனால் புள்ளி சேர்வது வேறு. மொழி சேர்வது வேறு. புள்ளிக்காகப் படிப்பவன் விளையாட்டுச் சலித்ததும் விட்டுவிடுவான். மேலும், பீடி சுற்றும் தாயின் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது காலையில் தந்தையோடு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறது. தொடர் அறுந்தது பிள்ளையின் சோம்பலாலா, வீட்டின் வறுமையாலா?

தமிழும் ஆங்கிலமும் போதும் என்று 1968 சனவரி 23-இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் தீர்மானித்தது. ஆங்கிலம் உலகத்தின் வாயில் என்றோம். அந்த வாயில் கான்வென்ட் பிள்ளைக்குத் திறந்தும், கூலிக்காரன் பிள்ளைக்குச் சாத்தியும் கிடக்கலாமா?

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. பட்டம் பெறாத இளைஞர்களையும் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் அதன் பயிற்சிப் பள்ளியில் ஆங்கிலமும் ஒரு பாடம். வேலை ஊர் வாசலுக்கே வந்துவிட்டது. கற்கும் ஆசைக்கு இதைவிடத் தூண்டுகோல் வேறென்ன வேண்டும்? இனி வேண்டியது, கூட இருந்து பேசத் துணை.

தோழர்களே! ஒருவர் செய்தித்தாள் படிக்கப் பத்துப்பேர் கேட்டு வளர்ந்த நாடு இது. அதற்காகவே படிப்பகங்கள் கண்டோம். இன்று மாலை அங்கே ஒரு கைப்பேசியை நடுவில் வையுங்கள். செயலி ஐந்து சொல் தரட்டும். அந்த ஐந்தைக் கொண்டு பிள்ளைகள் சந்தையைப் பற்றி, அருவியைப் பற்றி, அப்பாவின் கூலியைப் பற்றிப் பேசட்டும். கல்லூரி கண்ட தோழர் ஒருவர் ஒரு மணி நேரம் உடனிருக்கட்டும். பிழையாகப் பேசினால் எவரும் சிரிக்க வேண்டாம். அருவிக்கரைத் தோழரின் முதல் மலையாளமும் பிழையோடுதான் பிறந்தது!

சொல்லைச் செயலி தரும். துணிவை நாம்தான் தரவேண்டும்.