குடும்ப நலம்: அண்ணனை மிஞ்சிய தங்கை

சென்ற கோடையில் நாம் குடும்பத்துடன் ஊருக்குப் பயணமானபோது, பாஸில் கண்ட வயதுகளைச் சரிபார்த்த டிக்கெட் பரிசோதகர், "மகனுக்கு 13, மகளுக்கு 11 என்றிருக்கிறதே, மாற்றி எழுதிவிட்டார்களா?" என்று வினவினார். மகள் தன் அண்ணனைவிட மூன்று விரற்கடை உயரம். பெட்டியிலிருந்தோர் நகைத்தனர். மேல் தட்டில் ஏறிப் படுத்த பையன், சென்னை வரும் வரையில் உண்பதற்கும் இறங்கவில்லை.

வீட்டில் மட்டும் நாம் அவனைச் சும்மா விட்டோமா? "ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே வளர்வாய்!" என்று கடிந்துகொண்டோம். உயரத்தைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யப்பட்ட மாவு டப்பா ஒன்றையும் வாங்கினோம். குறை பையனிடத்தில் இல்லை, நம் அறியாமையில்தான் என்பதை மருத்துவர் ஒருவர் விளக்கிய பின்னரே உணர்ந்தோம்.

கை கால்களின் நீண்ட எலும்புகளில், முனையை ஒட்டிக் குருத்தெலும்புத் தகடு உண்டு. அது புதிதாகப் பெருகிக்கொண்டே வர, பழைய பகுதி எலும்பாக இறுகுகிறது. எலும்பு நீள்வது இவ்வாறே. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் இவ்வேலையை முடுக்கிவிடுகின்றன. இவ்வேகம் பெண்களுக்குப் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும், பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்தை எட்டும். அவ்வோராண்டில் 8 அல்லது 9 செ.மீ. வரை உயர்வதுண்டு. ஆகவே இடைக்காலத்தில் தங்கை அண்ணனை மிஞ்சுவது இயற்கையே. பருவ முடிவில் தகடுகள் மூடிக்கொள்ளும். அதன்பின் எந்த மாவும் உயரம் தராது.

உயரத்தை அளக்கும் நாம் உறுதியை மறந்துவிடுகிறோம். முதிர்ந்தவரின் எலும்பிலுள்ள தாதுச் சத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, இவ்வேக வளர்ச்சியை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. எலும்பு முதலில் நீளும். சுண்ணாம்புச் சத்து சில மாதங்கள் பின்தங்கியே வந்து சேரும். இவ்வயதில் கீழே விழுந்தால் மணிக்கட்டருகே முறிவு ஏற்படுவது மிகுதியாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

13 முதல் 15 வயதுடையோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் உண்டு. வடக்கே மடுவா என்றும், மராட்டியப் பகுதிகளில் நாச்ணி என்றும் கேட்டால் கடையில் கிடைக்கும். பாலும் தயிரும் கீரையும் சேரட்டும். பிள்ளைகள் வெயில் படும்படி ஓடியாடட்டும். பாடப் புத்தகத்தைக் காட்டிப் பெண் பிள்ளைகளை அறைக்குள் அடைத்துவைக்க வேண்டா.

13 வயது நிறைந்தும் பெண்ணிடத்தும், 14 வயது நிறைந்தும் பையனிடத்தும் பருவக் குறிகள் தோன்றாவிடில் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. மற்றபடி பொறுமையே மருந்து.

நம் பையனுக்குச் சித்திரையில் வாங்கிய செருப்பு ஆவணியிலேயே பற்றவில்லை. பாதம் முந்திக்கொண்டு வளரும் என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு செருப்பு வாங்கும் செலவை நாம் மகிழ்ச்சியுடனேயே ஏற்றோம்.