பொழுதுபோக்கு எழுத்தும் பொழுதற்ற மக்களும்

வேறு தொழில் செய்துகொண்டு, கிடைத்த வேளையிலே சிறுகதை எழுதுவோரைப் ‘பொழுதுபோக்கு எழுத்தாளர்’ என ஒதுக்கும் வழக்கம் நம் விமர்சகர் சிலரிடையே வேரூன்றியுள்ளது. பொழுது மிகுந்தவனே கதை எழுதுகிறான் என்பது இவ்விகழ்ச்சியின் அடியிலுள்ள எண்ணம். 2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, இதே எண்ணம் புகழுரையாக வேடம் மாற்றிக்கொண்டது. வீடடைந்த காலம் வாசிப்புக்கும் எழுத்துக்கும் வாய்த்த பொற்காலம் என்றனர். யாருக்கு வாய்த்த பொற்காலம் என்று நாம் வினவுதல் வேண்டும்.

பொக்காச்சியோவின் ‘தெக்கமரோன்’ அந்நாட்களிற் பலராலும் நினைவுகூரப்பட்டது. 1348இல் புளோரன்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, நாட்டுப்புற மாளிகையில் ஒதுங்கிய பதின்மர் பத்து நாட்களில் நூறு கதைகள் கூறுவதாக அமைந்த நூல் அது. அப்பதின்மரோடு பணியாட்களும் சென்றனர் என்பதை நினைவுகூர்ந்தோர் மறந்தனர். சமைக்கவும் பரிமாறவும் பிறர் இருந்தமையாலன்றோ அவர்களுக்குக் கதை கூறப் பொழுதிருந்தது?

மாத்தளை மாவட்டத்திலும் இந்நிலையே. நகரத்துக் கடைகள் பூட்டப்பட்டன. தேயிலைத் தொழிலுக்கோ ஊரடங்கிலும் அரசு அனுமதி அளித்தது. மலையேறிக் கொழுந்து பறித்து வந்த பெண்ணுக்கு மாலையிலும் அடுப்படி காத்திருந்தது. கொழும்பிலே வேலையிழந்து லயத்துக்குத் திரும்பிய மகனுக்குப் பொழுது இருந்தது உண்மையே. ஊதியமற்ற அப்பொழுதை ஓய்வு என்று கூற எவர் துணிவர்? குடும்பம் முழுவதும் ஒரே காம்பிராவில் அடைந்திருக்கையில், தனித்திருந்து எழுத அவனுக்கு மூலைதான் ஏது?

மலையகச் சிறுகதை ஓய்விலே பிறந்ததன்று. ‘ஒரு கூடைக் கொழுந்து’ தந்த என். எஸ். எம். இராமையா கொழும்பில் இரும்புக் கடையொன்றிற் கணக்கெழுதியவர். ‘மலையகச் சிறுகதை வரலாறு’ எழுதிய தெளிவத்தை ஜோசப் கணக்காளராகப் பணியாற்றியவர். மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் போட்டிகளிலே பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என வீரகேசரி வெளியீடாக வந்தன. மாத்தளை எழுத்தாளர்களான மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரும் தம் கதைகளை ஒன்றுசேர்த்து 1980இல் ‘தோட்டக்காட்டினிலே’ என்னும் தொகுதியைத் தந்தனர். பேனாவினால் மட்டும் வயிறு வளர்த்தவரே எழுத்தாளர் என்றால், ஈழத்து இலக்கியத்தில் எஞ்சுவோர் எத்தனை பேர்? செக்கோவ் மருத்துவர், காஃப்கா காப்புறுதி அலுவலர். அவர்களையும் பொழுதுபோக்கிகள் என்போமா?

இத்தகையோர் கதைகளிற் பல முதிர்ச்சியற்றவை என நண்பர் சிலர் கூறலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், அக்குறையின் வேர் வாசிப்பின் வறுமையிலே உள்ளது. தனக்கு முன் எழுதியவரைப் படிக்க வாய்ப்பற்றவன், அவர்கள் கடந்த வழியிலேயே மீண்டும் தடுமாறுகிறான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், தொலைபேசி அலைவரிசை தேடிக் குன்றேறிய தோட்டத்துப் பிள்ளை, பாடத்தைப் பார்ப்பானா, கதைத் தொகுதியைப் படிப்பானா? நூலகங்கள் மூடிய நாட்களிலே நகரத்தவர் தம் அலுமாரியைத் திறந்தனர். அலுமாரியே இல்லாத வீடுகளை நம் விமர்சகர் கண்டதுண்டா?

ஆகவே, எழுதியவனின் தொழிலையும் ஓய்வையும் அளப்பதை விட்டுக் கதையை அளக்க முன்வருவோம். பல்கலைக்கழகத்தார் இக்கதைகளைப் பாடத்திட்டத்திலே சேர்த்து, தயவுதாட்சணியமின்றி விமர்சிக்கட்டும். தமிழ்ச் சங்கம் தோட்டந்தோறும் வாசிகசாலை அமைக்க முனையட்டும். விடுமுறைக்கு மலையேறும் மாணவர் ஒவ்வொருவரும் நான்கு நூல்களையாவது அங்கே விட்டு வரட்டும். பொழுதைத் திருடியேனும் எழுதும் உறுதி அம்மக்களிடம் என்றும் உண்டு. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது நூல்களும் நேர்மையான வாசகருமே.