கல்கத்தா டிராமும் பொதுஜன உரிமையும்

2024-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், மேற்கு வங்காளப் போக்குவரத்து மந்திரியாக இருந்த ஸ்நேகாசிஷ் சக்கரவர்த்தி ஓர் அறிவிப்புச் செய்தார். கல்கத்தா நகரில் எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையே ஒரு சிறு பாதையைப் பழம்பெருமையின் சின்னமாக வைத்துக்கொண்டு, மற்ற டிராம் பாதைகள் அனைத்தையும் மூடிவிட சர்க்கார் தீர்மானித்திருப்பதாக அவர் தெரிவித்தார். டிராம் மெதுவாகச் செல்கிறது, வீதியை அடைத்துக்கொள்கிறது, வேகமான இக்காலத்துக்கு அது ஒவ்வாது என்பவையே சொல்லப்பட்ட காரணங்கள். முந்திய வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான் கல்கத்தாவாசிகள் தங்கள் டிராமின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியிருந்தனர். விழா நடந்து இரண்டு வருஷம் நிறைவதற்குள் மரண சாஸனம் வந்துவிட்டது.

இது வங்காளத்தாரின் உள்ளூர் விவகாரம், நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது தவறு. வீதி என்பது பொதுச் சொத்து. அந்தச் சொத்தை யார் அனுபவிப்பது, காலணாவும் அரையணாவும் கொடுத்துப் பிரயாணம் செய்த ஏழை ஜனங்களின் சந்ததியாரா, அல்லது சொந்த மோட்டார் வைத்திருக்கும் சிலரா என்பதே இங்கே தீர்மானிக்கப்படும் விஷயம். இக்கேள்வி கல்கத்தாவில் மட்டுமன்றி, தேசத்தின் ஒவ்வொரு பெருநகரிலும் எழுந்து நிற்கிறது.

டிராம் மெதுவாகச் செல்கிறது என்பது உண்மை. ஆனால் அது தானாக மெதுவாயிற்றா, பிறரால் மெதுவாக்கப்பட்டதா? இதை அறிய அதன் சரித்திரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

1873-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதியன்று சியால்டாவிலிருந்து ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ஆர்மீனியன் கட்டம் வரையில் சுமார் இரண்டரை மைல் தூரத்துக்கு முதன்முதல் குதிரை டிராம் ஓடிற்று. போதிய பிரயாணிகள் சேராமையால் அதே வருஷம் நவம்பர் மாதத்தில் அது நின்றுபோயிற்று. பின்னர் 1880-ல் லண்டனில் ஒரு கம்பெனி பதிவு செய்யப்பட்டது. கல்கத்தா டிராம்வே கம்பெனி என்பது அதன் பெயர். பெயரில் மட்டுமே கல்கத்தா இருந்தது. மூலதனமும் நிர்வாகமும் லாபமும் லண்டனைச் சேர்ந்தவை. ரிப்பன் பிரபு அந்த வருஷம் நவம்பரில் புதிய பாதையைத் திறந்து வைத்தார். இடையில் நீராவி இயந்திரங்களையும் பரீட்சித்துப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனியிடம் சுமார் 19 மைல் பாதையும், நூற்றறுபதுக்கு மேற்பட்ட வண்டிகளும், ஆயிரம் குதிரைகளும் இருந்தன. 1902-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூர் வரையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. குதிரைகளின் காலம் அத்துடன் முடிவுற்றது.

அதன்பின் நாற்பது வருஷங்களில் டிராம் நகரத்தோடு சேர்ந்து வளர்ந்தது என்பதைவிட, டிராம் போன வழியே நகரம் வளர்ந்தது என்று சொல்லுவது பொருத்தம். வடக்கே சியாம்பஜார், பெல்காச்சியா. தெற்கே காளிகட்டம், டாலிகஞ்சு, பாலிகஞ்சு. நதிக்கு அப்பால் ஹௌரா என்று இருப்புப்பாதை படர்ந்தது. 1943-ல் புதிய ஹௌரா பாலம் திறக்கப்பட்டபோது அதைக் கடந்த முதல் வாகனம் தனியொரு டிராம் வண்டிதான். அப்பொழுது நகரின் டிராம் பாதையின் மொத்த நீளம் 67 கிலோமீட்டருக்கு மேல். குமாஸ்தாவும் கூலியும், மாணவனும் உபாத்தியாயரும், அங்காடிக்காரியும் அதில்தான் சென்றனர். முன்வண்டியில் முதல் வகுப்பு, பின்வண்டியில் இரண்டாம் வகுப்பு என்று பேதம் இருந்ததாயினும், இருவகையாரும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சாதனம் ஜனங்களுக்கு எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதற்கு 1953-ம் வருஷத்திய கிளர்ச்சியே சாட்சி. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ஒரே ஒரு பைசா! சர்க்கார் அதற்கு இணங்கிற்று. ஜனங்கள் இணங்கவில்லை. பழைய கட்டணத்தையே நீட்டினார்கள். ஏற்க மறுத்தபோது டிராமையே பகிஷ்கரித்தார்கள். ஹர்த்தால், தடியடி, துப்பாக்கிப் பிரயோகம், கைது எல்லாம் நடந்தன. கடைசியில் கட்டண உயர்வை நிறுத்திவைக்க நேர்ந்தது. தேசம் சுதந்திரமடைந்து ஆறு வருஷம் ஆகியும் லண்டன் கம்பெனியின் லாபத்துக்காக ஏழையின் பையில் கைவைப்பதா என்பதே அன்று ஜனங்கள் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை மெதுவாகவே வந்தது. 1951-ல் சர்க்கார் கம்பெனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம், 1972-க்குப் பிறகே அதை விலைக்கு வாங்க இடமளித்தது. 1967-ல் ஐக்கிய முன்னணி சர்க்கார் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. 1976-ல் டிராம் முழுவதும் சர்க்காரின் உடைமையாயிற்று. நாம் விரும்பியது நடந்துவிட்டது. அந்நியக் கம்பெனி போய்விட்டது. இனி டிராம் ஜனங்களுக்கே என்று எல்லோரும் எண்ணினார்கள்.

நடந்தது வேறு. 1970-71-ல் ஹௌராவின் பாதைகள் மூடப்பட்டன. உடைமை மாறிய பிறகும் சுருக்கம் நிற்கவில்லை. 1985-ல் மாணிக்தலாவிலிருந்து உல்டாடாங்காவுக்கும், 1986-ல் பெஹாலாவிலிருந்து ஜோகாவுக்கும் பாதையை நீட்டினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் நேர்ந்த குறிப்பிடத்தக்க விஸ்தரிப்புகள் அவ்விரண்டே. 1993-ல் ஹௌரா பாலத்திலிருந்து டிராமை அகற்றினார்கள். பாலத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் ஜோகா பாதையின் கதையைப் பாருங்கள். மெட்ரோ ரயில் கட்டுவதற்காக 2011-ல் அந்த டிராமை நிறுத்தினார்கள். அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கியது 2022-ம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில். இடையிலே பதினோரு வருஷம்! பழையதை உடனே பிடுங்கிவிட்டுப் புதியதைப் பதினோரு வருஷம் கழித்துக் கொடுப்பதற்கு அபிவிருத்தி என்று பெயர் வைக்க முடியுமா?

இவற்றைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. அதைப் பற்றி அதிகமாக யாரும் பேசுவதில்லை. கல்கத்தாவின் அகன்ற வீதிகள் பலவற்றில் டிராமுக்கென்று வீதியின் நடுவே தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மற்ற வண்டிகள் அதில் நுழைய முடியாது. ஆகவே நெருக்கடி எவ்வளவு இருந்தாலும் டிராம் தன் வழியே தடையின்றிச் சென்றது. மோட்டார்கள் பெருகியபோது அந்தத் தனி இடத்தின் மீது அதிகாரிகளின் கண் விழுந்தது. பாதையைக் கான்கிரீட்டால் மூடிச் சமப்படுத்தி, அதை எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிட்டார்கள். அன்று முதல் டிராமுக்கு முன்னும் பின்னும் மோட்டார்கள். விலகிப் போக டிராமால் முடியாது. அது இருப்புப்பாதையில் கட்டுண்டது. பிரயாணிகளோ நடுவீதியில், ஓடும் வண்டிகளுக்கிடையே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டியதாயிற்று. கிழவரும் ஸ்திரீகளும் குழந்தைகளும் டிராமை விட்டு விலகினார்கள். கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்ததால் வண்டிகளைக் குறைத்தார்கள். வண்டி குறைந்ததால் காத்திருக்கும் நேரம் கூடிற்று. கூட்டம் மேலும் குறைந்தது. 2020-ம் வருஷம் மே மாதத்தில் வீசிய அம்பன் புயல் மின்கம்பிகளைச் சேதப்படுத்திற்று. பல பாதைகள் மீண்டும் திறக்கப்படவேயில்லை. கழுத்தை நெரித்தவனே, மூச்சு விடவில்லை என்று குற்றம் சாட்டுவது எங்கே அடுக்கும்?

மந்திரி சொன்ன இன்னொரு காரணத்தையும் ஆராய்வோம். கல்கத்தாவின் பரப்பில் வீதிகள் 6 சதவீதமே. பம்பாயிலும் டில்லியிலும் அதைவிட அதிகம். ஆகவே டிராமுக்கு இடமில்லை என்றார் அவர். கணக்கு இருக்கட்டும், அதிலிருந்து வரும் முடிவு தலைகீழானது. வீட்டில் அரிசி குறைவாக இருந்தால், பலர் உண்ணும்படி கஞ்சி காய்ச்சுவார்களா, ஒருவனுக்கு மட்டும் விருந்து சமைப்பார்களா? இரு பெட்டி கொண்ட ஒரு டிராமில் நூறு பேருக்கு மேல் செல்லலாம். அந்த நூறு பேரும் ஒருவர் இருவராக மோட்டாரில் ஏறினால் வீதி என்னாவது? இடம் குறைவு என்பது டிராமுக்கு விரோதமான வாதமன்று. மோட்டாருக்கு விரோதமான வாதம். தவிர, டிராம் வீதியில் புகை கக்குவதில்லை. காற்றின் கேட்டினால் நகரங்கள் மூச்சுத் திணறும் இக்காலத்தில், மின்சார பஸ்களை விலை கொடுத்து வாங்கிக்கொண்டே கைவசமுள்ள மின்சார வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவது விந்தையான விவேகம்.

டிராம் பணிமனைகள் நகரின் விலையுயர்ந்த பகுதிகளில் உள்ளன. 2010-களில் அந்நிலங்களைத் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட சர்க்கார் முற்பட்டது. டிராம் போனால் நிலம் மிஞ்சும். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறோம்.

நிற்க. சென்னை நகரத்தாருக்கு இக்கதை புதிதன்று. 1895-ம் வருஷம் மே 7-ந் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடிற்று. கல்கத்தாவில் அது வருவதற்கு ஏழு வருஷம் முன்பு, பம்பாயில் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு! 1921-ல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் சென்னையில் ஓடின. அதுவும் கம்பெனியின் சொத்து. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் ஏறியது. 1953-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதியோடு டிராம் நின்றது. கல்கத்தா ஒரு பைசாவுக்காகப் போராடுவதற்கு மூன்று மாதம் முன்பு, சென்னை தன் டிராமை முற்றும் இழந்தது. பம்பாயும் டில்லியும் 1960-களில் இழந்தன. இருப்புப்பாதை வேண்டும் என்ற ஞானம் சென்னைக்கு மீண்டும் வந்து, மெட்ரோ ரயில் ஓடியது 2015-ல். கண் கெட்ட பின் செய்யும் சூரிய நமஸ்காரத்துக்கு எத்தனை கோடி செலவு! பாரிஸ் நகரம் 1930-களில் டிராமை ஒழித்துவிட்டு, 1992-ல் அதன் சுற்றுப்புறத்தில் மறுபடி பாதை போட்டது. லண்டன் 1952-ல் மூடிவிட்டு, 2000-ல் குரோய்டனில் திரும்பத் தொடங்கியது. வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காக நாமும் செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவன் தன் பிழையை உணர்ந்து திருத்திக்கொண்ட பின், அவன் கைவிட்ட பிழையை நாம் எடுத்து அணிந்துகொள்ள வேண்டாம் என்றே சொல்லுகிறோம்.

விவகாரம் நியாய ஸ்தலத்துக்கும் சென்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. எஸ். சிவஞானம் தலைமை நீதிபதியாக இருந்தபோது, கல்கத்தா ஹைகோர்ட்டு டிராமைக் காக்கும் வழிகளை ஆராய ஒரு கமிட்டியை அமைக்கச் செய்தது. இருப்புப்பாதைகளைத் தார் ஊற்றி மூடக்கூடாதென்று 2025 ஜனவரியில் தடுத்தது. நீதிபதிகள் தார் ஊற்றுவதைத் தடுக்கலாம். வண்டிகளை ஓட்ட அவர்களால் முடியாது. அது சர்க்காரின் கடமை. அக்கடமையைச் செய்விப்பது ஜனங்களின் கடமை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. அகன்ற வீதிகளில் டிராமுக்குப் பழைய தனி இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறுத்தங்களில் பிரயாணிகள் பயமின்றி ஏறி இறங்க மேடை அமைக்க வேண்டும். குறித்த நேரத்தில், அடிக்கடி வண்டி விட வேண்டும். மெட்ரோ நிலையங்களோடு டிராமை இணைக்க வேண்டும். பணிமனை நிலங்களை விற்பதை நிறுத்த வேண்டும். இவ்வளவும் செய்து, பிறகும் ஜனங்கள் டிராமை நாடவில்லையென்றால், அப்பொழுது மூடுவதைப் பற்றிப் பேசலாம்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிறு பாதையை மட்டும் விட்டுவைப்பது என்ற யோசனை, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வேலைக்குப் போகிறவனைச் சுமப்பதற்காகப் பிறந்த வண்டியை, வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு விளையாட்டுப் பொருளாக்குவது கௌரவமன்று. அந்நியக் கம்பெனி லாபத்துக்காக வளர்த்ததை, நம்மவர் ஆட்சி அலட்சியத்தால் அழித்தது என்று வருங்காலம் எழுத வேண்டாம். ஒரு பைசாவுக்காக வீதியில் இறங்கிய கல்கத்தா, வீதிக்காகவே இறங்கத் தயங்காது என்று நம்புகிறோம்.