நாலு விசிறி செய்த குற்றம் என்ன?

அமெரிக்காவின் மாதிரி விமானக் கழகங்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு குற்றப்பத்திரிகை கைமாறிக்கொண்டே இருக்கிறது. குற்றவாளி, ட்ரோன். அது மாதிரி விமானமே இல்லையாம். கம்ப்யூட்டரே ஓட்டுவதால் பறக்கவிடுகிறவருக்குத் திறமை எதுவும் வேண்டாமாம். பெட்டியோடு வாங்கி வருவதால் கட்டும் கலை செத்துவிட்டதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிம்மதியாக விமானம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையில் சட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியதும் அதுதானாம். ஆகவே மைதானத்தை விட்டு வெளியேற்றுங்கள் என்கிறார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பால்சா மரத்தைச் சீவிச் சீவி, மாதக்கணக்கில் ஓர் இறக்கையைக் கட்டியவர்கள். 1936இல் தொடங்கிய ஏ.எம்.ஏ. என்னும் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸை வளர்த்ததும், இண்டியானா மாநிலத்து மன்சி நகரில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் அதற்கொரு பறக்கும் களத்தை உருவாக்கியதும் இவர்களும் இவர்களுக்கு முந்தியவர்களும்தான். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. குற்றச்சாட்டுகளில்தான், ஒன்றைத் தவிர, நியாயம் காணோம்.

முதலில் பரம்பரை. ட்ரோன் வெளியாள், இந்தக் குடும்பத்தில் பிறந்ததில்லை என்கிறார்கள். 1871 ஆகஸ்டில் பாரிஸின் துய்லரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரில் ஓடும் சிறு விமானம் ஒன்றை அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் பதினோரு விநாடி பறக்கவிட்டார். மாதிரி விமானக்காரர்கள் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடுவது இவரைத்தான். இதே பெனோ அதற்கு முன்பே, அதே ரப்பர் விசையில் எழும்பும் ஹெலிகாப்டர் பொம்மையையும் செய்திருந்தார். 1878இல் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தம் பிள்ளைகள் வில்பருக்கும் ஆர்விலுக்கும் வாங்கி வந்தது அந்த வகைப் பொம்மை. தங்கள் பறக்கும் ஆசை அங்கே தொடங்கியது என்று பின்னாளில் ரைட் சகோதரர்களே சொன்னார்கள். அந்தப் பொம்மைக்கு இறக்கை கிடையாது. விசிறி மட்டும்தான்.

சரி, அது பழங்கதை. ட்ரோன் என்ற தொழிலே எங்கிருந்து வந்தது? ஹாலிவுட்டிலிருந்த ஒரு மாதிரி விமானக் கடையிலிருந்து. ரெஜினால்ட் டென்னி ஆங்கிலேய நடிகர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். சினிமாவில் சம்பாதித்துக்கொண்டே மாதிரி விமானப் பைத்தியம் பிடித்துப்போய் 1934இல் ஹாலிவுட்டில் கடையே திறந்துவிட்டார். ரேடியோவில் இயங்கும் விமானத்தைச் சுட்டுப் பழகப் பீரங்கிப் படைக்கு விற்கலாமே என்ற யோசனை அங்கே பிறந்ததுதான். அவர் தொடங்கிய ரேடியோபிளேன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 15,000 இலக்கு ட்ரோன்களை அமெரிக்கப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. போர்க் காலத்தில் அந்தத் தொழிற்சாலைக்குப் படம் எடுக்கப் போன ராணுவப் புகைப்படக்காரர் கண்ணில் பட்ட தொழிலாளிப் பெண் நார்மா ஜீன்தான் பிறகு மர்லின் மன்றோ ஆனார். மாதிரி விமானக் கழகத்தார் இந்தக் கதையை ரசித்துச் சொல்வார்கள். சொல்லி முடித்த கையோடு ட்ரோன் வெளியாள் என்பார்கள்.

நம் காலத்துக்கு வந்தாலும் கதை மாறவில்லை. 2006இல் டிஜேஐ என்ற ட்ரோன் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிராங்க் வாங், சிறுவயதிலிருந்தே ரிமோட் ஹெலிகாப்டர் மோகம் கொண்டவர். அவருடைய முதல் சரக்கு நாலு விசிறி கொண்ட குவாட்காப்டர் இல்லை; பொழுதுபோக்கு ஹெலிகாப்டர்களைத் தடுமாறாமல் நிறுத்தும் கருவி. உலகெங்கும் விற்ற ஃபேன்டம் குவாட்காப்டர் 2013இல்தான் வந்தது. சென்னையிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ ட்ரோன் குழுவுக்கு 2018இல் ஆலோசகராக வந்த நடிகர் அஜித் குமார், அதற்கு முன்பே ரிமோட் விமானமும் ஹெலிகாப்டரும் விடுகிறவர். அந்தப் பழக்கம்தான் அவரைப் பல்கலைக்கழகப் பட்டறைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பெற்றது.

அடுத்தது, அதிகம் சொல்லப்படும் குற்றச்சாட்டு: திறமை வேண்டாம், எல்லாவற்றையும் சிப் பார்த்துக்கொள்கிறது.

இங்கே பறத்தலின் இயந்திரவியலைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். பயிற்சிக்குத் தரும் ரிமோட் விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரு நுனிகளும் சற்றே தூக்கியிருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தாலும் அந்த வடிவமே அதை நிமிர்த்தும். ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் பல சமயம் தானாகவே சமநிலைக்கு வரும். நிலைத்தன்மையை வடிவத்திலேயே வைப்பது பெனோ காட்டிய வழி. குவாட்காப்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான்கு மோட்டார்களின் வேகத்தை நொடிக்குப் பல நூறு முறை திருத்தாவிட்டால் அது கவிழ்ந்து விழும். ஆகவே சிப் இல்லாமல் அது பறக்காது என்பது உண்மைதான். ஆனால் பந்தய ட்ரோன் ஓட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ‘அக்ரோ’ முறையில் அந்தச் சிப், சுழலும் வேகத்தை மட்டுமே கவனிக்கிறது. நிமிர்த்திவிடுவது அதன் வேலை இல்லை. நாற்பது டிகிரி சாய்த்துவிட்டு விரலை எடுத்தால் நாற்பது டிகிரியிலேயே கிடந்து சறுக்கிக்கொண்டு போகும். ஜிபிஎஸ் கிடையாது, உயரம் பிடித்து நிற்பது கிடையாது. கண்ணில் கட்டிய திரையைப் பார்த்தபடி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், வளையங்களுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். பயிற்சி விமானம் விடுகிறவர் இதைத் திறமையில்லாத வேலை என்று சொல்வது வேடிக்கை.

சிப்பைப் பற்றிப் பேசுவதானால் விமானக்காரர்களும் கணக்குச் சொல்ல வேண்டும். ரிமோட் ஹெலிகாப்டரின் வாலைப் பிடித்து நிறுத்தப் பல பத்தாண்டுகளாகவே ஜைரோ இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் நிறுவனம் காற்றடியைச் சமன்செய்யும் மின்னணு ஏற்பாட்டை விமானங்களுக்குக் கொண்டுவந்தது. அடுத்து, கையை விட்டால் நிமிர்ந்துகொள்ளும் வசதியையும் சேர்த்தது. இன்று கழகங்களில் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கும் விமானங்களில் பாதிக்குமேல் இந்த ரகமாக இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அவற்றை யாரும் வெளியேற்றச் சொல்லவில்லை.

ஏ.எம்.ஏ. பெருமையோடு சொல்லும் சாதனை ஒன்று இந்த வாதத்தை மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறது. 2003 ஆகஸ்டில், பார்வை பெரும்பாலும் போய்விட்ட 77 வயது மேனார்ட் ஹில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பால்சா விமானத்தைக் கையால் வீசி விட்டார். எரிபொருளோடு சேர்த்து ஐந்து கிலோவுக்குக் குறைவு. 38 மணி 52 நிமிடம் பறந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைக் கடந்து, அயர்லாந்துக் கடற்கரையில் இறங்கியது. புறப்பாட்டையும் இறக்கத்தையும் மனிதர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த கடல் முழுவதும் அதை ஓட்டியது ஜிபிஎஸ் பார்த்து வழிநடக்கும் தானியங்கிக் கருவி. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு அதைச் சாதனையாகப் பதிவுசெய்தது. தானியங்கிக் கருவி இருந்தால் மாதிரி விமானமில்லை என்று விதி போட்டால், முதலில் அடிபடுவது ஹில்லின் விமானம்தான்.

கட்டும் கலை செத்தது என்ற புகாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. அது செத்தது என்றால், கொன்றது நுரை விமானம். பெட்டியைத் திறந்து இறக்கையைத் திருகி பேட்டரியைச் செருகினால் பறக்கும் விமானங்கள் கடைகளை நிறைத்த பிறகு பால்சா ஒட்டும் ஆள் குறைந்தார். மாறாக, பந்தய ட்ரோன்காரர் கார்பன் சட்டத்தில் மோட்டாரைப் பூட்டி, ஒவ்வொரு கம்பியையும் தானே சாலிடர் செய்து, மென்பொருளில் எண்களைத் திருத்தித் திருத்திப் பழகுகிறார். மோதி உடைத்துவிட்டு மறுபடி அதே மேசைக்கு வருகிறார். அது பால்சா இல்லைதான்.

இனி சட்டம். கசப்பு அதிகம் இருப்பது இங்கே.

1981இல் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. மாதிரி விமானங்களுக்கு வெளியிட்டது வெறும் அறிவுரைதான்: 400 அடிக்கு மேல் போகாதீர்கள், விமான நிலையத்துக்கு மூன்று மைலுக்குள் பறக்கவிட்டால் தகவல் சொல்லுங்கள். 2012இல் நாடாளுமன்றம், கழக விதிகளின்படி பறக்கும் மாதிரி விமானங்களுக்குப் புது விதி போடக் கூடாது என்றே எஃப்.ஏ.ஏ.வின் கையைக் கட்டியது. பிறகு எல்லாம் தலைகீழானது. 2015 டிசம்பரில் 250 கிராமுக்கு மேற்பட்ட எதற்கும் பதிவு கட்டாயம் என்ற ஆணை வந்தது. 2017 மே மாதம் நீதிமன்றம் அதை ரத்துசெய்ய, அதே டிசம்பரில் நாடாளுமன்றம் உயிர்ப்பித்தது. 2018இல் அந்தப் பழைய பாதுகாப்புப் பிரிவே நீக்கப்பட்டது. தன் அடையாளத்தை வானொலியில் அறிவித்துக்கொண்டே பறக்க வேண்டும் என்ற ‘ரிமோட் ஐடி’ விதி 2024 மார்ச்சில் முழுதாக அமலுக்கு வந்தது. நாற்பது ஆண்டாகப் பால்சா விமானம் விட்டவரும் எண் வாங்கி ஒட்ட வேண்டியதாயிற்று. கோபம் வராதா?

வரும். ஃபேன்டம் லட்சக்கணக்கில் விற்காமலும், 2015 ஜனவரியில் ஒரு குவாட்காப்டர் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் போய் விழாமலும் இருந்திருந்தால் இவ்வளவு வேகத்தில் இதெல்லாம் நடந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ட்ரோன் சட்டப் போராட்டத்தின் முதல் பெரிய வழக்கு எதைப் பற்றியது? 2011இல் வர்ஜினியா பல்கலைக்கழக வளாகத்தில் ராஃபேல் பிர்க்கர் கேமரா கட்டி விட்டதற்காக எஃப்.ஏ.ஏ. 10,000 டாலர் அபராதம் விதித்த வழக்கு. அவர் பறக்கவிட்டது ‘ஸெஃபிர்’ என்ற, வாலில்லாத நுரை இறக்கை விமானம். எந்தக் கழக மைதானத்திலும் கேள்வி கேட்காமல் அனுமதிக்கும் ரகம். மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2015இல் 1,100 டாலருக்கு வழக்கு முடிந்தது. அதற்குள், மாதிரி விமானமும் சட்டத்தின் கண்ணில் ‘விமானம்’தான் என்ற தீர்ப்பு நிலைத்துவிட்டது. ஆக, அந்தக் கதவைத் திறந்தது நாலு விசிறி இல்லை.

இன்றைய சட்டமும் விசிறிகளை எண்ணுவதில்லை. எடையைப் பார்க்கிறது; பொழுதுபோக்கா பிழைப்பா என்று கேட்கிறது; கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கிறதா என்று பார்க்கிறது. மைதானத்திலிருந்து ட்ரோன்களைத் துரத்திவிட்டால் எஃப்.ஏ.ஏ. மனமிரங்கிப் பழைய அறிவுரைத் தாளுக்குத் திரும்பிவிடும் என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ரிமோட் ஐடி கருவி இல்லாமல் பறக்க இன்று அனுமதி உள்ள இடங்களில் பெரும்பாலானவை கழக மைதானங்கள்தான். வெள்ளை மாளிகைப் பக்கம் தெரியாமல் விடுகிற ஆளை அந்த மைதானத்துக்குள் கூப்பிட்டு விதி சொல்லித் தருவது விமானக்காரர்களுக்கே லாபம்.

ஆபத்து என்ற வாதமும் இரண்டு பக்கமும் வெட்டும். 2017 செப்டம்பரில் நியூயார்க் அருகே ஒரு ஃபேன்டம் ராணுவ ஹெலிகாப்டரில் மோதியது. விட்டவர் பல கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தார். மன்னிக்க முடியாத பொறுப்பின்மை. ஆனால் 2010இல் கொலராடோவில் ஆள் ஏறிய நிஜ விமானத்தோடு மோதி அதன் இறக்கையை நசுக்கியது பெரிய அளவு ரிமோட் விமானம். 2013இல் புரூக்ளின் பூங்காவில் 19 வயது இளைஞரின் உயிரைப் பறித்தது அவரே விட்ட ரிமோட் ஹெலிகாப்டரின் சுழலி. இந்த இரண்டுக்கும் பிறகு ரிமோட் விமானமும் ஹெலிகாப்டரும் பொழுதுபோக்கிலிருந்து விலக்கப்படவில்லை. விலக்கவும் கூடாது.

எஞ்சி நிற்கும் ஒரே நியாயமான புகார் மைதானத்துக்குள்ளேயே இருக்கிறது. விமானங்கள் ஓடுதளத்தை ஒட்டி வட்டமடித்து ஒரே திசையில் சுற்றும்; யார் எங்கே வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுற்றுக்கு நடுவே ஒரு குவாட்காப்டர் அசையாமல் நின்றால், அல்லது திரை கட்டிய ஒருவர் பக்கத்தில் என்ன வருகிறதென்று தெரியாமல் பாய்ந்தால், மோதல் நிச்சயம். மாதக்கணக்கில் கட்டிய விமானம் அப்படி உடைவதை யாரால் பொறுக்க முடியும்? அதேபோல, ஜிபிஎஸ் கேமரா ட்ரோனைக் கொண்டு கல்யாண வீட்டைப் படமெடுக்கிறவரை மாதிரி விமானக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அது பிழைப்புக்கான கருவி; கழக உறுப்பினர் அட்டைக்கு அவர் ஆசைப்படவும் இல்லை. பறப்பதற்காகவே பறக்கவிடுகிறவரை மட்டும் பார்த்தால் போதும்.

மைதானச் சிக்கலுக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் மாதிரி விமான ஆணையமே ட்ரோன் பந்தயத்தைத் தனி வகையாக ஏற்று, 2018 நவம்பரில் ஷென்செனில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. வென்றவர் ஆஸ்திரேலியாவின் ரூடி பிரவுனிங், வயது 15. அந்த வயதுப் பிள்ளைகள் தங்கள் மைதானத்துக்கு வருவதில்லையே என்பதுதான் பல கழகங்களின் நெடுநாள் கவலை. மன்சியில் ஏ.எம்.ஏ.வின் களத்திலேயே மல்டிஜிபி என்ற பந்தய அமைப்பு ட்ரோன்காரர்களைத் திரட்டிப் பெரிய போட்டி நடத்தி வருகிறது. வேலியிட்ட தனி மூலை, தனி நேரம், பார்வைக்குத் துணையாக ஒருவர் என்று ஏற்பாடு செய்தால் சின்னக் கழகத்துக்கும் அது முடியும். வெளியேற்றும் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் கழகங்கள் அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நேர அட்டவணை போடட்டும்.