சிலிகான் பூசுறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லீங்க

காருக்குள்ள தண்ணி ஒழுகுதுன்னு மெக்கானிக்கிட்ட போனா, பெரும்பாலும் நடக்கிறது இதுதான். அண்ணன் வண்டியை ஒரு சுத்து சுத்தி வருவார். முன்கண்ணாடி ஓரத்தை விரலால தடவிப் பாப்பார். "பீடிங் போயிடுச்சு சார்"னு சொல்லிட்டு ஒரு சிலிகான் டியூப் எடுத்துட்டு வருவார். பத்து நிமிஷத்துல கண்ணாடியைச் சுத்தி ஒரு கோடு. "இனிமே ஒரு சொட்டு வராது." அடுத்த மழைக்கு வரும். ஏன்னா அவர் ஓட்டையை அடைக்கலை. ஓட்டை எங்க இருக்குன்னே பாக்கலை.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. கார் ஒழுகலை அடைக்கிறது சின்ன வேலை. எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலையே. அந்த வேலையை மெக்கானிக் செய்யறதில்லை, நாமளும் அதுக்குக் காசு கொடுக்கத் தயாரா இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து சிலிகான் டியூபை ரிப்பேர்னு நம்பிக்கிட்டிருக்கோம்.

முதல்ல ஒரு மூடநம்பிக்கையை உடைச்சுடலாம். கார் ஒண்ணும் தண்ணி புகாத எவர்சில்வர் டப்பா இல்லை. மழைத்தண்ணி சில இடங்கள்ல உள்ளே வரும்னு தெரிஞ்சேதான் வண்டியை டிசைன் பண்றாங்க. வந்த தண்ணி வெளியே போகவும் வழி வச்சிருக்காங்க. கதவுக் கண்ணாடி ஏறி இறங்குற இடுக்கு வழியா தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும். கதவோட அடி விளிம்புல இருக்கிற ஓட்டைகள் வழியா ரோட்டுக்குப் போயிடும். வைப்பருக்குக் கீழ இருக்கிற கருப்புத் தட்டுக்கு அடியில ஒரு தொட்டி மாதிரி இடம், அதுக்கும் வடிகால் உண்டு. சன்ரூஃபைச் சுத்தி ஒரு வாய்க்கால், அதோட மூலைகள்ல இருந்து தூண்களுக்குள்ள இறங்குற டியூப். ஏசி பிழியுற தண்ணிக்கு வண்டிக்கு அடியில ஒரு குழாய்.

அதனால ஒழுகல்னா புதுசா ஓட்டை விழுந்திருக்குன்னு அர்த்தமில்லை. பல நேரம், இருக்க வேண்டிய ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். வேப்பமரத்தடியிலயோ தூங்குமூஞ்சி மரத்தடியிலயோ வண்டியை நிறுத்துறவங்க அந்த வைப்பர் தட்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. அரை கூடை எருவே இருக்கும். இந்த லட்சணத்துல, கண்ணுல பட்ட ஓட்டையையெல்லாம் சிலிகான் வச்சு அடைக்கிற மேதைகளும் இருக்காங்க. கதவோட அடி ஓட்டையை அடைச்சா என்ன ஆகும்? தண்ணி உள்ளேயே தங்கும். கதவு உள்ளேயிருந்து துரு பிடிச்சு வரும். வெளியே கொப்புளம் தெரியுறப்போ உள்ளே தகடு போயிருக்கும்.

எங்க பெரியப்பா வண்டிக் கதையைச் சொல்றேன். ஆறு வருஷ ஹேட்ச்பேக். முன்பக்கம் இடது சீட்டுல கால் வைக்கிற இடம் மழை வந்தா சொதசொதன்னு ஆயிடும். சர்வீஸ் சென்டர்ல விட்டார். 'இன்டீரியர் டீப் கிளீனிங்'னு ஒரு பில் போட்டு, செண்ட் அடிச்சுக் கொடுத்தாங்க. அடுத்த மழையில மறுபடி ஈரம். தெருமுனை மெக்கானிக் வழக்கம்போல சிலிகான் கோடு போட்டார். மறுபடி ஈரம். மூணாவது ஒருத்தர் கார்ப்பெட்டை முகர்ந்து பாத்துட்டு, "2023 மிக்ஜாம் வெள்ளத்துல நின்ன வண்டியா சார்?"னு கேட்டாரே பாக்கணும். பெரியப்பாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெள்ளத்துல நின்ன வண்டின்னா சீட் தண்டவாளத்துலயும் சீட்பெல்ட்டை முழுசா இழுத்தா அதோட கடைசியிலயும் சேறு படிஞ்சிருக்கும். இதுல ஒரு பொட்டு சேறு இல்லை. அதைப் பாக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

இதுக்கு நடுவுல டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. "சென்சார் ப்ராப்ளம், கண்டுக்காதீங்க"ன்னு பதில். அந்த சீட்டுல தினமும் உக்கார்றது எங்க பெரியம்மா. எப்படிங்க கண்டுக்காம இருக்கிறது? சீட்டுக்கு அடியில கார்ப்பெட்டை ஒட்டிப் போற மஞ்சள் கனெக்டர் ஈரத்துல பச்சை பூத்திருந்தது. அந்த விளக்கு எரிஞ்சா, விபத்து நேரத்துல ஏர்பேக் விரியாமலே போகலாம். ஆக இது நாத்தப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

நாங்க பொட்டி தட்டுற இடத்துல ஒரு விதி உண்டு. பக்கைத் திரும்ப வரவழைச்சுக் காட்ட முடியாதவன், அதைச் சரி பண்ணிட்டேன்னு சொல்லக்கூடாது. காருக்கும் அதே விதிதான். ஒரு ஞாயித்துக்கிழமை நானும் பெரியப்பாவும் உக்காந்து செஞ்சதை வரிசையா சொல்றேன்.

1. முதல்ல கேள்வி. மழையே இல்லாத நாள்ல ஏசி போட்டு ஓட்டினா ஈரமாகுதா? அப்போ ஏசி வடிகால் குழாய். ஈரம் பிசுபிசுன்னு இனிப்பா வாடை அடிச்சு, கூலன்ட் அளவும் குறையுதா? அப்போ ஹீட்டர். மழையில நிறுத்தி வச்சாலே வருதா? மேல்பக்கம். ஈர ரோட்டுல ஓட்டினா மட்டும் வருதா? சக்கரம் அடிக்கிற தண்ணி, அடித்தட்டு ரப்பர் மூடி, இன்ஜின் பக்கத்துத் தகட்டுல ஒயர் போற ரப்பர் புஷ். எங்களுக்கு மழையில நிறுத்தினாலே வந்துச்சு. இந்தக் கேள்விகளுக்குப் பைசா செலவில்லை. போன மூணு இடத்துலயும் யாரும் கேக்கலை.

2. கார்ப்பெட்டைத் தூக்கணும். மேல காய வைக்கிறது வீண். அதுக்கு அடியில இருக்கிற பஞ்சு லிட்டர் கணக்குல தண்ணி குடிச்சு வச்சிருக்கும். அதைக் காய வச்சு, தகட்டைத் துடைச்சு, டிஷ்யூ பேப்பர் விரிச்சோம்.

3. ஒருத்தர் உள்ளே டார்ச்சோட, ஒருத்தர் வெளியே ஹோஸ் பைப்போட. பிரஷர் வாஷர் கூடாது, அது ஒழுகாத இடத்தையும் ஒழுக வைக்கும். கீழேயிருந்து ஆரம்பிச்சு மேலே போகணும், ஒவ்வொரு இடத்துலயும் சில நிமிஷம். மேலேயிருந்து ஊத்தினா எல்லா இடமும் ஒரே நேரத்துல நனைஞ்சு, எது குற்றவாளின்னே தெரியாது. ஈரம் தெரியுற இடம் வேற, தண்ணி நுழையுற இடம் வேற. தண்ணி தகட்டு மடிப்பு வழியா ஓடி பள்ளத்துலதான் தங்கும். டிக்கியில ஸ்டெப்னி பள்ளத்துல தண்ணி நின்னா, டெயில் லேம்ப் கேஸ்கெட்ல இருந்து கூரை ஆன்டெனா வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம்.

கதவோட வெளித்தகடு, பீடிங் மேல ஊத்தினோம். ஒண்ணுமில்லை. இடது கதவுக் கண்ணாடி மேல ஊத்தினப்போ, ரெண்டாவது நிமிஷத்துல டோர் பேடுக்கு அடியில இருந்து ஒரு நூல் மாதிரி தண்ணி இறங்கி, வாசப்படி தாண்டி உள்ளே வந்துச்சு. விடாம மேலே போயி முன்கண்ணாடி, வைப்பர் தட்டு ரெண்டுலயும் ஊத்தினோம். அங்கெல்லாம் உள்ளே பேப்பர் காய்ஞ்சே இருந்தது. பேடைக் கழட்டினோம். உள்ளே கதவுக்கும் பேடுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட், கருப்புப் பசை போட்டு ஒட்டியிருக்கும். கதவுக்குள்ள இறங்குற தண்ணியை அடி ஓட்டைக்கே திருப்பி விடுறது அந்த ஷீட்தான். ஸ்பீக்கர் மாத்தின புண்ணியவான் அதை பிளேடால கிழிச்சு, அடிப்பக்கம் ஒட்டாம தொங்க விட்டிருந்தார். பியூட்டைல் டேப் ஒரு சுருள் வாங்கி, கிழிசலை மூடி, ஷீட்டை ஒட்டினோம். காய வச்சு அதே ஹோஸ் பைப், அதே கண்ணாடி, இந்தத் தடவை பத்து நிமிஷம். டிஷ்யூ பேப்பர் காய்ஞ்சே இருந்தது. இதுக்குப் பேருதான் ரிப்பேர்.

அப்போ கண்ணாடியைச் சுத்திப் போட்ட சிலிகான்? முழு தெண்டம். தெண்டம் மட்டுமில்லை, கெடுதலும்கூட. கடையில கிடைக்கிற புளிச்ச வாடை சிலிகான் காயுறப்போ அசிட்டிக் அமிலம் விடும். பெயின்ட் போன தகட்டுல அது துருவுக்கு விருந்து. நிஜமாவே கண்ணாடி ஒட்டுல ஒழுகல் இருந்தா, அது இன்னும் பெரிய விஷயம். முன்கண்ணாடியை பாலியூரித்தேன் பசையில ஒட்டுறது அழகுக்கு இல்லை. வண்டி கவிழ்ந்தா கூரையைத் தாங்குறதுல அதுக்குப் பங்கு உண்டு. பல வண்டிகள்ல பக்கத்து சீட் ஏர்பேக் அந்தக் கண்ணாடியில சாஞ்சுதான் விரியும். ஒட்டு சரியில்லைன்னா கழட்டித் திரும்ப ஒட்டணும். மேல சிலிகான் பூசினா குறை மறையும், ஒட்டு பலமாகாது. அப்புறம் ஒழுங்கா ஒட்ட நினைச்சாலும், மிச்சமிருக்கிற சிலிகான் மேல புதுப் பசை பிடிக்காது.

இப்ப மெக்கானிக் பக்க நியாயத்தையும் சொல்லணும். "மூணு மணி நேரம் ஹோஸ் பிடிச்சுத் தேடினேன், அதுக்கு ஆயிரம் ரூபா"ன்னு கேட்டா நாம கொடுப்போமா? "என்னப்பா, சும்மா பாத்ததுக்கா காசு?"ன்னு சண்டைக்குப் போவோம். அதே ஆயிரத்தை சிலிகானுக்கும் கிளீனிங்குக்கும் கேட்டா மறுபேச்சில்லாம கொடுப்போம். கண்ணுக்குத் தெரியுற சாமானுக்குத்தான் நம்ம பர்ஸ் திறக்கும். மாசம் முழுக்க பக் தேடுறதுக்கே சம்பளம் வாங்குற நம்ம கூட்டமே இப்படிப் பேசுறதைக் கேட்டா சிரிப்பா வருது :-)

அதனால அடுத்த தடவை வண்டி ஒழுகினா, "இதை அடைச்சுக் கொடுங்க"ன்னு கேக்காதீங்க. "எங்க வருதுன்னு தண்ணி ஊத்திக் காட்டுங்க, தேடுற நேரத்துக்குத் தனியா காசு தர்றேன். சரி பண்ணிட்டு அதே இடத்துல திரும்ப ஊத்திக் காட்டுங்க"ன்னு கேளுங்க. காட்டுறவர்கிட்ட வண்டியைக் கொடுங்க. டியூபைத் தூக்கிட்டு வர்றவரைப் பாத்தா ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

டிஸ்கி: மஞ்சள் கனெக்டர்ல மட்டும் நீங்களா கை வைக்காதீங்க. அது ஏர்பேக் சமாச்சாரம். பேட்டரியைக் கழட்டி, கொஞ்ச நேரம் விட்டு, தெரிஞ்சவங்க செய்ய வேண்டியது. நாங்களும் அதை ஏர்பேக் வேலை தெரிஞ்ச ஆள்கிட்டதான் கொடுத்தோம். சன்ரூஃப் டியூப்புல கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஏர் கம்ப்ரஸரையும் வைக்காதீங்க. தூணுக்குள்ள ஜாயின்ட் கழண்டா, அப்புறம் கூரைத் துணியையே இறக்கணும். மெல்லிசான நைலான் ஒயர் போதும்.