காவலுக்கு அல்ல, வீட்டுக்கு

பெரிய நாய் ஒன்றுக்கு வீடு தேடுகிறோம் என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால், முதலில் வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "செங்கல்பட்டு தாண்டி ஒரு தோப்பு இருக்கு மேடம். காவலுக்கு நல்ல பெருசா ஒண்ணு வேணும்." "வீடு கட்டிட்டு இருக்கோம், சைட்ல கம்பி திருடு போகுது." "பண்ணை வீடு. நாங்க மாசத்துக்கு ஒரு தடவைதான் போவோம். வாட்ச்மேன் சோறு வெச்சிருவாரு." இப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரிய நாய் என்றால் காவலுக்கு என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஊறிய எண்ணம். ஆனாலும் இவர்கள் எல்லோரிடமும் நாங்கள் இல்லை என்றுதான் சொல்கிறோம். ஏன் என்று இந்த வாரம் எழுதுகிறேன்.

மணியைப் பற்றிச் சொன்னால் புரியும். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே கிடந்தவன் அவன். அங்கே இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மாதான் தகவல் சொன்னார். இரவில் யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடத்து நாய்கள் சுற்றி நின்று குரைக்க, தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றானாம். முதுகில் ஜெர்மன் ஷெப்பர்டின் கறுப்பு, கால்களில் ராஜபாளையத்தின் நீளம், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடங்கியும் இருக்கிற காதுகள். மூன்று, நான்கு வயதிருக்கும் என்று பல்லைப் பார்த்து மருத்துவர் சொன்னார். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. சங்கிலி அறுத்துப் புண்ணாகி, ஆறி, அதே இடத்தில் மறுபடி அறுத்த தடம். உடம்பு முழுக்க உண்ணி. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒரு மாதம் கொடுத்தோம். பிறகு ரேபிஸ் தடுப்பூசி, கருத்தடை அறுவைச் சிகிச்சை. தேறி எழுந்தபோது எடை 34 கிலோ.

"உடம்பு சரியாயிடுச்சே, எடுத்த இடத்துலயே விட்டுடலாமே" என்று கேட்டவர்கள் உண்டு. தெரு நாய்களுக்கு அது சரி. 2001-இல் வந்த விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. ஏனென்றால் தெருவில் பிறந்த நாய்க்கு அந்தத் தெரு தெரியும். எந்த டீக்கடையில் பன் கிடைக்கும், எந்த நேரத்தில் லாரி வேகமாக வரும், எந்த முனையோடு தன் எல்லை முடிகிறது என்று அறிந்துதான் அது பிழைத்திருக்கிறது. கேட்டுக்குள் கட்டிப்போட்டு வளர்த்த நாய்க்கு இதில் எதுவும் தெரியாது. அங்கிருக்கும் நாய்களும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. மணிக்குத் திரும்பிப் போக ஒரு தெரு இல்லை. அவனுக்கு வீடுதான் வேண்டும்.

அவனை மறுபடியும் ஒரு தோப்புச் சங்கிலிக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. மனம் மட்டுமே காரணமும் இல்லை. நாய் குரைப்பது தன்னுடையவர்கள் என்று அது நினைக்கிறவர்களுக்காக. நாள் முழுக்கக் கட்டிக் கிடந்து, மாதம் ஒருமுறை முதலாளி முகத்தைப் பார்க்கும் நாய்க்குத் தன்னுடையவர் என்று யார் இருக்கிறார்? வருகிற எல்லோரையும் பார்த்து அது மிரளும். மிரண்ட நாய்தான் கடிக்கும். ஒருநாள் சங்கிலி அறுந்தால் முன்னால் நிற்பது திருடனாக இருக்கவேண்டும் என்பதில்லை. தேங்காய் பறிக்க வந்தவராக இருக்கலாம், அவர் குழந்தையாகவும் இருக்கலாம்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை உடற்பயிற்சிக்கு வெளியே கூட்டிப்போகாமல் இருப்பது தனிக் குற்றம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிட்டுப் போவதும் குற்றம். ஆனால் முதல்முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை மாறவில்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட் விலையில் ஓர் உயிரைப் பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போக முடிகிறது. சட்டம் இவ்வளவு பலவீனமாக இருப்பதால்தான் யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்கும் பொறுப்பு எங்கள் மேல் கூடுதலாக விழுகிறது.

தோப்புக்காரர்கள் ஓய்ந்த பிறகு குடும்பங்கள் அழைப்பார்கள். அவர்களின் முதல் கேள்வி, "என்ன பிரீட்?" கலப்பினம் என்றதும் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் "எதோட கிராஸ்? கடிக்குமா?" என்பார்கள். இந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்கமாட்டேன். 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 23 இன நாய்களையும் அவற்றின் கலப்பினங்களையும் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. சுற்றறிக்கை போனாலும் பயம் போகவில்லை. உருவம் பெரிதாக இருந்து, இனம் இன்னதென்று தெரியாத எந்த நாயைப் பார்த்தாலும் இப்போது ஜனங்கள் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள்.

ஆனால் இனத்தை வைத்துக் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்த ஓர் ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்றது அது. அப்படியிருக்க, கறுப்பு முதுகைப் பார்த்து ஷெப்பர்ட் என்றும் நீளக் காலைப் பார்த்து ராஜபாளையம் என்றும் நாம் சொல்லும் ஊகம் எதற்கு உதவும்? அந்த ஒரு நாயோடு வாரக்கணக்கில் கூடவே இருந்தவர் சொல்வதைத்தான் கேட்கவேண்டும்.

அப்படிக் கூட இருந்தவர்கள் உண்மையைச் சொல்லவேண்டும். மீட்ட நாய்க்கு எப்படியாவது வீடு கிடைத்தால் போதும் என்ற தவிப்பில் குறைகளை மறைப்பதுதான் இந்த வேலையில் செய்யக்கூடாத காரியம். மணி மனிதர்களோடு சாது. மடியில் தலை வைத்துப் படுப்பான். ஆனால் சாப்பிடும்போது தட்டருகே கை போனால் உறுமுவான். பட்டினி கிடந்த நாய்களிடம் இது சகஜம்; பொறுமையாகப் பழக்கினால் குறையும். என்றாலும் தவழும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அவன் வேண்டாம் என்று நாங்களே சொன்னோம். வாக்கிங் போகும்போது பூனையைப் பார்த்தால் கயிற்றை இழுப்பான். கூடப் போகிறவருக்குத் தெம்பு வேண்டும். இதையெல்லாம் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்றால் ஓடட்டும். மறைத்துக் கொடுத்த நாய் பத்து நாளில் திரும்பி வரும். அப்படித் திரும்பி வரும் நாய் சரியாகச் சாப்பிடாது, கூப்பிட்டால் வராது. அடுத்த வீட்டை நம்ப அதற்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும்.

எடுப்பவர் வீட்டையும் போய்ப் பார்க்கவேண்டும். பெரிய வீடா என்று பார்க்கப் போவதில்லை. கேட்டின் உயரம், மாடிக் கைப்பிடிச் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை ஆகியவற்றைப் பார்க்கிறோம். எடை கூடிய நாய் டைல்ஸில் வழுக்கி வழுக்கி இடுப்பு மூட்டைக் கெடுத்துக்கொள்ளும். அது நடமாடும் இடத்தில் ரப்பர் பாயோ பழைய சாக்கோ விரித்தால் போதும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் பேசுவோம். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதியைக் கேட்போம். வளர்ப்பு நாய்க்கு மொத்தமாகத் தடை போடவோ, பெரிய நாய் என்பதற்காக மறுக்கவோ, லிஃப்டில் ஏற்றாமல் விரட்டவோ கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தாளை நீட்டிச் சண்டை போட்டுக் குடிபுகுவதைவிட, முன்கூட்டியே பக்கத்து வீட்டுக்காரரிடம் நாயைக் காட்டி அறிமுகம் செய்வது நல்லது. பொது இடத்தில் கயிறு இல்லாமல் விடுவதில்லை என்று எழுதியும் வாங்குகிறோம்.

செலவையும் மறைப்பதில்லை. நாய்க்கு மருந்து எடைக் கணக்கில்தான். 10 கிலோவுக்கு ஒன்று என்றுள்ள பூச்சி மாத்திரை மணிக்கு மூன்றரை வேண்டும். உண்ணி மருந்தும் அப்படித்தான், மயக்க மருந்தும் அப்படித்தான். சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துத் தரவேண்டும். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய் ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்றால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது அது. மாதம் சில ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியாத வீட்டுக்கு, ஆசை எவ்வளவு இருந்தாலும், பெரிய நாய் பாரமாகிவிடும். நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், வெளிநாட்டில் வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்போம். சிலருக்குக் கோபம் வரும். நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று சொல்பவர் அடுத்த எட்டு, பத்து வருடத்தைப் பற்றி யோசித்திருக்கவேண்டும் அல்லவா?

மணியை எடுத்துக்கொண்டவர் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பத்தூரில் தரைத்தளத்தில் இரண்டு அறை உள்ள வீடு. அவரும் மனைவியும் மட்டும். பெரிய நாய்க்கு அந்த இடம் போதுமா என்று எங்களில் சிலருக்கு யோசனை இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. "ராத்திரி எங்க படுத்துப் பழக்கம் அவனுக்கு?" "தீபாவளி வெடிக்குப் பயப்படுவானா?" "கழுத்துல அந்தத் தழும்பு இருக்கே, பெல்ட் போட்டா வலிக்குமா?" கழுத்துப்பட்டை வேண்டாம், மார்போடு மாட்டும் ஹார்னெஸ் போடுங்கள் என்றோம். மறுநாளே அவர் மனைவி அளவு கேட்டு போன் செய்தார். அவனைப் பார்த்து என்ன இனம் என்று அவர்கள் கடைசிவரை கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் கொடுப்பது என்று முடிவெடுக்க அதற்குமேல் எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்பது மீட்புப் பணியில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். மணி முதல் சில நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். பின்னால் பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் இழுக்கவில்லை. உறவினர்களைக் கூட்டி வந்து காட்டவில்லை. தட்டை வைத்துவிட்டு அந்தம்மா தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்வார். இப்போது அந்தத் தட்டருகே அவர் கையால் இன்னொரு துண்டு கறி போட்டாலும் அவன் உறுமுவதில்லை. அவன் பெயரில் மாநகராட்சி உரிமம் இருக்கிறது, தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறது. 2025-இல் சென்னையில் சிப் கட்டாயமானதை நான் மனதார வரவேற்கிறேன். சிப் உள்ள நாயைப் பாலத்தடியில் இறக்கிவிட்டால் யாருடையது என்று கண்டுபிடித்துவிட முடியும்.

தெரு நாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் ஒரு வரி இங்கே பொருந்தும். விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம்; எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. தத்து என்பதன் முழு அர்த்தமும் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது. தெருவிலிருந்து எடுத்தாலும் காப்பகத்திலிருந்து எடுத்தாலும் அந்தப் பொறுப்பு ஒன்றுதான்.

எனவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். காவல்தான் வேண்டும் என்றால் கேமரா வையுங்கள், சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள். அதற்காக ஒரு நாயைச் சங்கிலியில் பூட்டாதீர்கள். வளர்க்கும் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள்; பாலத்தடிக்கு வரும் கலப்பினக் குட்டிகள் பெரும்பாலும் கருத்தடை செய்யாத வளர்ப்பு நாய்களின் பிள்ளைகள்தான். வளர்க்க முடியாமல் போனால் வாய்விட்டுச் சொல்லுங்கள்; இன்னொரு வீடு தேட அவகாசம் கொடுங்கள். நிரந்தரமாக எடுக்க முடியாதவர்கள் சில வாரம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாயின் குணம் என்ன என்று அடுத்தவருக்குச் சொல்ல அதுவே உதவும். நிதானமான வாழ்க்கையும் மாதம் சில ஆயிரமும் தினம் இரண்டு வேளை நடக்க மனமும் உள்ளவர்கள், குட்டிதான் வேண்டும் என்று கேட்காமல், உங்கள் ஊர்க் காப்பகத்தில் வெகுநாளாகக் காத்திருக்கும் பெரிய, வளர்ந்த, இனம் தெரியாத நாயை ஒருமுறை போய்ப் பாருங்கள். அதைப் பராமரித்தவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். யோசித்து முடிவெடுங்கள். எடுத்த பிறகு திருப்பித் தராதீர்கள்.