கட்டாத குழாயும் தீர்ந்த நெஞ்சுவலியும்

"எனக்குக் குணமாயிற்று, இதற்குமேல் என்ன ருஜு வேண்டும்?" என்று கேட்டுவிட்டால் வாதம் தீர்ந்ததென்று நினைப்பவர்கள் ஏராளம். திருநீறு பூசியவரும் இதையேதான் சொல்லுகிறார், தாயத்துக் கட்டியவரும் இதையேதான் சொல்லுகிறார். இவர்கள் பொய் சொல்லுவதாக நாம் சொல்ல வரவில்லை. குணம் தெரிந்தது மெய்யாகவே இருக்கலாம். எதனால் தெரிந்தது என்பதல்லவா கேள்வி?

1955 க்குப் பிறகு, இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒரு ரண சிகிச்சை அங்கே வெகு பிரமாதமாக நடந்தது. இருதயத்துக்குப் போதிய ரத்தம் போகாமல் உண்டாகும் நெஞ்சுவலிக்கு அது செய்யப்பட்டது. மார்பெலும்பின் இரு பக்கமும் உள்ளே இறங்குகின்ற இரண்டு ரத்தக்குழாய்களை நூலால் கட்டிவிட்டால், தடைப்பட்ட ரத்தம் இருதயத்தின் பக்கம் திரும்பும் என்பது டாக்டர்களின் எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! நோயாளிகளும் வலி குறைந்தது, மாத்திரை குறைந்தது என்றே சொன்னார்கள். நம்மவர்களாயிருந்தால் அதற்கொரு ஸ்தல புராணமே எழுதியிருப்பார்கள்.

சியாட்டில் நகரத்து டாக்டர் லியோனார்ட் காப் என்பவரும் அவரது கூட்டாளிகளும் புராணம் எழுதவில்லை. 17 நோயாளிகளுக்கும் மார்பில் கீறி, குழாயை வெளிப்படுத்திய பிறகே ஒட்டிய உறை ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே சீட்டு, கட்டு என்றால் கட்டினார்கள். வேண்டாம் என்றால் சும்மா தோலைத் தைத்துவிட்டார்கள். கட்டினது 8 பேருக்கு, கட்டாதது 9 பேருக்கு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது. 1959 ல் வெளியிட்ட முடிவு என்ன? கட்டினவர்களில் 5 பேர் நல்ல குணம் என்றார்கள். கட்டாதவர்களிலும் 5 பேர் நல்ல குணம் என்றார்கள்! மறுவருஷம் கான்ஸாஸில் 18 பேரிடம் சோதித்ததில், வெறுங் கீறல் பட்ட 5 பேருமே சுகம் என்றார்கள். அத்தோடு அந்தச் சிகிச்சை ஒழிந்தது.

"பார்த்தீர்களா, டாக்டர்கள் வித்தையும் புரட்டுத்தானே" என்று வைதிகர்கள் குதிக்கலாம். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது யார், ஐயா? டாக்டர்களே அல்லவா? நீங்கள் தாயத்துகளில் பாதியை வெறுங் குழலாகவே கட்டிவிட்டு, யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியாமல் கணக்கெடுக்கச் சம்மதிப்பீர்களா?

ஆனால் சியாட்டில்காரர்களிடமும் ஒரு குற்றம் உண்டு. நமக்கு வேண்டியவர்கள் என்பதற்காக அதை நாம் மறைக்கப்போவதில்லை. ஆபரேஷனைச் சோதிக்கிறோம் என்று சொன்னவர்கள், சிலருக்கு வெறுங் கீறல்தான் என்பதை நோயாளிகளிடம் சொல்லவில்லை. கத்தியின் கீழ்ப் படுப்பவனிடம் மறைப்பது அக்கிரமமேயாகும். சொன்னால் எவன் வருவான் என்பார்கள். 2017 ல் லண்டன் டாக்டர்கள் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைப்பதை இதே மாதிரி சோதித்தார்கள். பாதிப் பேருக்கு வைக்கமாட்டோம் என்பதை முன்னதாகவே சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்கள். தெரிந்தே 200 பேர் வந்தார்களே!